ஜான்சிபாரா, லாமுவா? வயதான பெற்றோருடன் போகிறவர்களுக்கு ஒரு நீண்ட பதில்

கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. கென்யாவில் சஃபாரி முடிந்ததும் நாலைந்து நாள் கையில் இருக்கிறது. கூடவே 65 வயது தாண்டிய அப்பா அம்மா, அதில் அம்மா சுத்த சைவம். பழைய ஸ்வாஹிலி (கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரை மக்களின் மொழியும் பண்பாடும்), அரபுச் சாயல் உள்ள ஒரு தீவைப் பார்க்க ஆசை. எல்லோரும் ஜான்சிபார் என்கிறார்கள், ஒருவர் மட்டும் லாமு என்றார். எங்கே போகலாம், லாமு பாதுகாப்பா?

என் பதில் லாமு. ஆனால் கடற்கரைதான் முக்கியம், நீச்சல் குளம் வேண்டும், சாயங்காலம் கையில் கோப்பையோடு உட்கார வேண்டும் என்றால் ஜான்சிபாருக்கே போங்கள், அதில் தப்பில்லை. அங்கே நுங்வி பக்கம் நல்ல கடற்கரை, எல்லா விலையிலும் விடுதி, அதன் பழைய நகரமான ஸ்டோன் டவுனும் சாதாரண ஊரில்லை. ஓமான் சுல்தான்களின் தலைநகராக இருந்த நகரம், 2000-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. சென்னை ஐஐடி 2023-இல் ஒரு வளாகத்தையே அங்கே திறந்திருக்கிறது, அதனால் இப்போது தமிழ்க் குரல்கூடக் காதில் விழ வாய்ப்பு உண்டு. ஆனால் அது வேறு நாடு. தான்சானியாவுக்குத் தனி விசா, போதாததற்கு 2024 அக்டோபரிலிருந்து ஜான்சிபாருக்கு என்றே 44 டாலர் கட்டாயக் காப்பீடு. நாலு பேர் குடும்பத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். லாமு கென்யாவுக்குள்ளேயே இருக்கிறது. சஃபாரிக்கு எடுத்த அதே இ-டிஏ, அதாவது மின்னணுப் பயண அனுமதி, போதும், நைரோபியிலிருந்து உள்நாட்டு விமானம்.

பணத்தை விடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. லாமுவில் "பார்க்க வேண்டிய இடங்கள்" என்று பட்டியல் போட்டால் ஒன்றரை நாளில் முடிந்துவிடும். அந்தக் கணக்கில் போனவர்கள்தான் திரும்பி வந்து "அங்கே ஒன்றுமே இல்லையே" என்கிறார்கள். பார்க்க வேண்டியது அந்த ஊரையேதான். கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரையின் ஸ்வாஹிலி ஊர்களில் மிகப் பழையதும் சிதையாமல் மிஞ்சியதும் லாமு பழைய நகரம், 2001-இல் யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்தது. அந்த வீடுகளில் இன்றும் ஜனங்கள் பிள்ளை பெற்று, மீன் பொரித்து, வாசலில் உட்கார்ந்து வம்பு பேசிக்கொண்டு வாழ்கிறார்கள். அதனால் தங்குவதைப் பழைய நகரத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். விடுதிகளைத் தேடினால் முதலில் கண்ணில் படுவது 3 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஷேலா கிராமம். அழகுதான், ஆனால் பாதி வீடுகள் வெளிநாட்டுக்காரர்கள் வாங்கிச் செப்பனிட்டவை. அங்கே தங்கிவிட்டு லாமுவை மதியம் இரண்டு மணி நேரம் எட்டிப் பார்த்தால் ஊரின் முகவரியை மட்டும் பார்த்த மாதிரி ஆகிவிடும்.

வீடுகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது தெரியாமல் சந்துகளில் நடந்தால் வெறும் உயரமான மொட்டைச் சுவர்தான் தெரியும். கட்டுமானப் பொருள் இரண்டே இரண்டு: பவளக்கல், அலையாத்தி மரம். பவளக்கல்லைக் கடலிலிருந்து வெட்டி எடுக்கும்போது மெத்தென்று இருக்கும், உளி பட்டால் வெண்ணெய் போல வரும், காய்ந்த பிறகு இறுகிவிடும். அதையே சுட்டால் சுண்ணாம்பு. கூரையைத் தாங்குவது அலையாத்திக் கட்டைகள், அங்கே போரிட்டி என்பார்கள். அந்தக் கட்டை ஓரளவுக்கு மேல் நீளமாக, நேராகக் கிடைக்காது. அதனால் லாமுவின் எந்தப் பழைய வீட்டிலும் அறையின் அகலம் ஏறக்குறைய மூன்று மீட்டருக்குள் அடங்கிவிடும். எவ்வளவு பெரிய பணக்காரனாக இருந்தாலும் அகலத்தைக் கூட்ட முடியாது, நீளத்தைத்தான் கூட்ட முடியும். சதுப்பில் முளைக்கும் ஒரு மரம் ஊர் முழுக்க அறையின் வடிவத்தைத் தீர்மானித்திருக்கிறது. மரமே இல்லாத அரபு நாடுகளுக்கும் வளைகுடாவுக்கும் இதே கட்டைகள் நூற்றாண்டுக் கணக்கில் பாய்மரக் கப்பல்களில் போயின. காடு அழிகிறது என்று கென்ய அரசு 1982-இல் ஏற்றுமதியை நிறுத்தும்வரை அந்த வியாபாரம் நடந்தது.

இனி உள்ளே போவோம். தெருவை ஒட்டி ஒரு சின்ன முகப்பு, இரு பக்கமும் கல் திண்ணை, அதற்குப் பெயர் தாகா. ஆண்கள், விருந்தாளிகள், வியாபாரப் பேச்சு எல்லாம் இங்கேயே முடியும். கதவைத் தாண்டினால் வழி நேராகப் போகாமல் ஒரு திருப்பம் திரும்பும், கதவு திறந்திருந்தாலும் தெருவில் போகிறவன் கண்ணுக்கு உள்ளே எதுவும் படக்கூடாது. அப்புறம் வானம் தெரியும் முற்றம். அதிலிருந்து உள்நோக்கி ஒன்றன்பின் ஒன்றாக நீண்ட ஒடுங்கிய அறைகள், ஒவ்வொன்றும் முன்னதைவிடச் சற்று உயரமாக, சற்று இருட்டாக, சற்று அந்தரங்கமாக. கடைசி அறை பெண்களுடையது. அதன் சுவர் முழுவதும் சுண்ணாம்பில் செதுக்கிய மாடக்குழிகள், வரிசை வரிசையாக. ஸிதாகா என்பார்கள். அதில் சீனப் பீங்கான் கிண்ணங்கள் வைத்திருந்தார்கள். முற்றத்து வெளிச்சம் அங்கே வந்து சேரும்போது மிச்சமிருப்பது கொஞ்சம்தான், அந்தக் கொஞ்சமும் மாடங்களில் பட்டுச் சிதறி அறையைப் பெரிதாகக் காட்டும். சமையலறை மொட்டை மாடியில், ஓலைக் கூரைக்குக் கீழே. புகையும் சூடும் மேலோடு போய்விடும். பக்கத்து வீட்டுக்குப் பெண்கள் தெருவில் இறங்காமல் போக, சந்தின் மேலே பாலம் போல ஓர் அறையைக் கட்டியிருப்பார்கள், அப்படிப்பட்ட அறைகளுக்கு அடியில் நீங்கள் நடந்து போவீர்கள், அண்ணாந்து பாருங்கள்.

இதையெல்லாம் காட்டும் ஸ்வாஹிலி வீட்டு அருங்காட்சியகம் ஊருக்குள்ளேயே இருக்கிறது, சின்னது, அரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம், ஆனால் லாமுவில் ஒரே ஓர் இடம்தான் பார்க்க முடியும் என்றால் நான் அதைத்தான் சொல்வேன். குளிக்கும் தண்ணீர்த் தொட்டியின் அடியில் ஒரு சீனக் கிண்ணம் பதித்திருப்பதைக் கவனியுங்கள். கொசுப் புழுவைத் தின்ன மீன் வளர்த்தார்கள், தொட்டி வற்றும்போது மீன் சாகாமல் இருக்க அந்தக் கிண்ணத்தில் தண்ணீர் நிற்கும்.

கடற்கரையோரம் தூண்களும் திறந்த தாழ்வாரமுமாக நிற்கும் கட்டடங்கள் இவற்றுக்கு நேர்மாறானவை. அவை 19-ஆம் நூற்றாண்டில், கடலை மண்ணிட்டு நிரப்பி வந்த வரிசை. குஜராத்திலிருந்து வந்த வணிகர்களின் செல்வாக்கு அதில் அப்பட்டமாகத் தெரியும். உள்ளூர்க்காரரின் வீடு தெருவுக்கு முதுகு காட்டும், இவை முகம் காட்டும். படகிலிருந்து எடுக்கும் போட்டோக்களில் எல்லாம் வருவது இந்த வரிசைதான், ஆனால் பழைய ஊர் அதற்குப் பின்னால் தொடங்குகிறது.

வழிகாட்டிகள் பலர் "அரபுகள் வந்து கட்டிய ஊர்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அப்படியே நம்பிவிடாதீர்கள். பக்கத்துப் பாத்தே தீவில் ஷாங்கா என்ற இடத்தில் 1980-களில் தோண்டியபோது, 8-ஆம் நூற்றாண்டிலேயே அங்கே சிறிய மர மசூதி இருந்ததும், அது உள்ளூர் ஆப்பிரிக்கக் குடியிருப்பு ஒன்றின் நடுவில் வளர்ந்ததும் தெரிந்தது. 2023-இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று இந்தக் கடற்கரையின் பழைய கல்லறைகளிலிருந்து எடுத்த எலும்புகளை ஆராய்ந்தது, லாமுவுக்குப் பக்கத்து மாண்டா தீவும் அதில் உண்டு. பெண்வழி பெரும்பாலும் ஆப்பிரிக்கா, ஆண்வழி பெரும்பாலும் ஆசியா, அதிலும் முதலில் பாரசீகம், கலப்பு தொடங்கியது கி.பி. 1000 வாக்கில். அரபு, குறிப்பாக ஓமான் பங்கு, பிந்தையது. பேசும் மொழியின் எலும்புக்கூடு பாண்டு என்ற ஆப்பிரிக்க மொழிக் குடும்பம், சொற்களில் ஏராளமான அரபு. ஆக, வெளியிலிருந்து வந்தவர்கள் கட்டிக் கொடுத்த ஊரல்ல, காற்றுக்காகக் காத்திருந்தவர்கள் பெண் எடுத்துக் குடும்பமாகிப் போன ஊர். காத்திருப்பு என்றது சும்மா இல்லை: டிசம்பரிலிருந்து மார்ச்வரை வடகிழக்குக் காற்று கப்பலை அரேபியாவிலிருந்து இங்கே தள்ளும், ஏப்ரலுக்குப் பிறகு தென்மேற்குக் காற்று திருப்பி அனுப்பும். இடைப்பட்ட மாதங்களில் மாலுமி வேறு எங்கே போவான்?

ஓமான் கதை கோட்டையில் தொடங்குகிறது. 1812, 1813 வாக்கில் மொம்பாசாவை ஆண்ட மஸ்ரூயி குலத்தாரும் பாத்தேக்காரர்களும் சேர்ந்து லாமுவைப் பிடிக்க ஷேலா கடற்கரையில் வந்து இறங்கினார்கள். லாமுக்காரர்கள் அடித்து விரட்டினார்கள். தோற்றவர்கள் படகுக்கு ஓடினால் கடல் வற்றிப் படகுகள் மணலில் உட்கார்ந்திருந்தன, தப்ப வழியில்லை என்பது ஊரில் சொல்லும் கதை. ஜெயித்த பிறகுதான் லாமுவுக்குப் பயம் வந்தது, திரும்ப வந்தால் என்ன செய்வது என்று. ஓமான் சுல்தான் சையத் சயீதிடம் பாதுகாப்புக் கேட்டார்கள், ஆளுநர் வந்தார், கோட்டை 1821 வாக்கில் முடிந்தது. அதே கோட்டை 1910-இலிருந்து 1984 வரை சிறைச்சாலை. இப்போது அருங்காட்சியகமும் நூலகமும். கோட்டைக்கு முன்னால் உள்ள சதுக்கம்தான் ஊரின் கூடம், பெரிய மரநிழல், சந்தை, செய்தி, கழுதை, எல்லாம் அங்கே. அப்பா அம்மாவை அங்கே ஒரு மணி நேரம் உட்கார வைத்தால் போதும், நீங்கள் சுற்றிவிட்டு வரலாம், அவர்களுக்குப் பொழுது போய்விடும்.

கடற்கரையிலுள்ள பெரிய அருங்காட்சியகத்தில் இரண்டு ஊதுகொம்புகளைப் பாருங்கள், சிவா என்று பெயர். ஒன்று பாத்தேயிலிருந்து வந்தது, முழுக்கத் தந்தம், ஆளுயரத்தைத் தாண்டும். மற்றது லாமுவின் பித்தளைக் கொம்பு. பட்டம் சூட்டும்போதும் பெரிய குடும்பத் திருமணங்களிலும் ஊதியவை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், அங்கே யாரும் அதிகம் பேச மாட்டார்கள். அந்த மாடக்குழிகளுக்கும் பீங்கானுக்கும் பணம் எங்கிருந்து வந்தது? நிலப்பகுதித் தோட்டங்களில் அடிமைகள் விளைவித்த தானியத்திலிருந்தும், தந்தம், அலையாத்திக் கட்டை வியாபாரத்திலிருந்தும். 1873-இல் ஜான்சிபார் சுல்தான் பிரிட்டிஷ் நெருக்கடியில் அடிமை வணிகத்தைத் தடை செய்தபோது லாமுவும் ஆட்டம் கண்டது, கென்யக் கடற்கரையில் அடிமை நிலையே சட்டப்படி ஒழிந்தது 1907-இல்தான். அதற்குள் ரயில் மொம்பாசாவிலிருந்து கிளம்பிவிட்டது, துறைமுக வியாபாரம் அங்கே போய்விட்டது. லாமுவிடம் புதிதாக இடித்துக் கட்டப் பணமில்லை. பழைய ஊர் அப்படியே மிஞ்சியதற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, பாதுகாப்பு. மழுப்பாமல் சொல்கிறேன். லாமு மாவட்டம் சோமாலியா எல்லையை ஒட்டியது. 2011-இல் கிவாயுவிலிருந்தும் மாண்டாவிலிருந்தும் வெளிநாட்டவர்கள் கடத்தப்பட்டார்கள். 2014 ஜூனில் நிலப்பகுதியில் உள்ள ம்பெகெடோனியில் சோமாலியாவின் அல்-ஷபாப் தீவிரவாதிகள் நடத்திய தாக்குதலில் 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2020 ஜனவரியில் மாண்டா விரிகுடா ராணுவத் தளம் தாக்கப்பட்டு மூன்று அமெரிக்கர்கள் இறந்தார்கள். இதைப் படித்துவிட்டுப் போக வேண்டாம் என்று முடிவெடுத்தால் நான் வாதாட மாட்டேன். ஆனால் நிலப்பகுதியும் தீவும் ஒன்றல்ல, பல நாட்டு அரசுகளின் பயண எச்சரிக்கைகளே அவற்றைப் பிரித்துத்தான் பேசுகின்றன. தீவுக்குள் பழைய நகரமும் ஷேலாவும் இரவிலும் ஜனநடமாட்டமுள்ள, எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த இடங்கள். நீங்கள் செய்ய வேண்டியது: விமானத்தில் மட்டும் போங்கள், மாலிந்தியிலிருந்து பஸ்ஸிலோ காரிலோ வேண்டாம், வடக்கே கிவாயு, கியுங்கா பக்கம் படகுப் பயணம் யார் கூப்பிட்டாலும் வேண்டாம், டிக்கெட் எடுக்கும் முன்னும் கிளம்பும் வாரமும் எச்சரிக்கைகளைப் பாருங்கள், உங்கள் பயணக் காப்பீடு லாமுவை விலக்கி வைத்திருக்கிறதா என்று அந்தப் பொடி எழுத்தைப் படியுங்கள். இந்தக் கடைசி விஷயத்தை யாருமே செய்வதில்லை.

பெற்றோர் விஷயத்தில் நான் அதைவிட அதிகம் யோசிப்பது படிகளைப் பற்றி. விமான நிலையம் இருப்பது மாண்டா தீவில். இறங்கி நடந்தால் படகுத்துறை, கடலைக் கடந்தால் லாமு, பத்துப் பதினைந்து நிமிடம்தான். ஆனால் கடல் வற்றியிருக்கும் நேரமென்றால் படகு கீழே கிடக்கும், பாசி பிடித்த கல் படியில் இறங்கி ஏற வேண்டும். கைபிடித்துத் தூக்கிவிட ஆட்கள் இருப்பார்கள், ஆனால் முட்டி வலி உள்ளவர்களுக்கு அது விளையாட்டில்லை. விடுதிக்காரரிடம் முன்னாடியே சொல்லி, அந்த நேரத்துக்கு எந்தத் துறையில் ஏறி இறங்குவது எளிது என்று கேட்டு, அங்கே படகை அனுப்பச் சொல்லுங்கள். விடுதியிலும் அதே கதை: பழைய வீடுகளின் படிக்கட்டு செங்குத்து, ஒவ்வொரு படியும் ஒவ்வோர் உயரம். கீழ்த்தளம் புழுங்கும், மேல்தளத்தில் காற்று வரும், ஆனால் ஏற வேண்டும். நடுத்தளத்தில் அறை கேளுங்கள்.

தெருக்கள் இரண்டு மீட்டர் அகலம்கூட வராத சந்துகள், காருக்கு இடமே இல்லை, சாமான் சுமப்பது கழுதைகள். அவற்றுக்கென்று 1987 முதல் ஒரு தொண்டு நிறுவனத்தின் கழுதை மருத்துவமனையே கடற்கரையில் இருக்கிறது. "வாகனமே இல்லாத தீவு" என்று எழுதுகிறார்கள், அது இப்போது பாதி உண்மைதான். ஊரின் பின்பக்கத்திலும் புறநகரிலும் மோட்டார் பைக்குகள் வந்துவிட்டன. சந்தில் பின்னாலிருந்து யாராவது குரல் கொடுத்தால் உடனே சுவரோரம் ஒதுங்குங்கள், பாரம் ஏற்றிய கழுதை உங்களுக்காக நிற்காது. சாணம் எங்கும் கிடக்கும், அழுத்தமான செருப்பு போடுங்கள்.

மருத்துவத்துக்கு ஊரில் கிங் ஃபஹத் மாவட்ட மருத்துவமனை இருக்கிறது. பெரிய பிரச்சினை என்றால் நைரோபிக்கு விமானத்தில் தூக்கிப் போவதுதான் வழி. அம்ரெஃப் ஃப்ளையிங் டாக்டர்ஸ் அமைப்பு சுற்றுலாப் பயணிகளுக்கென்று குறுகிய காலத் திட்டம் விற்கிறது, பெற்றோருக்கு அதை எடுத்துவிடுங்கள்.

சாப்பாடு. அம்மா பட்டினி கிடக்க மாட்டார்கள், பயப்படாதீர்கள். காலையில் ம்பாஸி, அதாவது முழுத் துவரையைத் தேங்காய்ப் பாலில் வேகவைத்தது, அதோடு ஏலக்காய் மணக்கும் மஹம்ரி, லேசான இனிப்போடு பொரித்த ரொட்டி. இதற்காகவே சைவக்காரர்கள் லாமுவுக்குப் போகலாம். மதியத்துக்குத் தேங்காய்ப்பால் சோறு, தேங்காய்ப்பாலில் சிவப்பு பீன்ஸ், கீரை மசியல், சப்பாத்தி. புளிச்சாறும் மாம்பழச் சாறும் கிடைக்கும், ஐஸ் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒரே சிக்கல், "சைவம்" என்றால் பலருக்கு ஆட்டிறைச்சி இல்லாதது என்று மட்டும் தோன்றும், மீன் வந்துவிடும். "பிலா ந்யாமா, பிலா சமாக்கி" என்று இரண்டையும் சொல்ல வேண்டும், இறைச்சி இல்லாமல், மீன் இல்லாமல் என்று அர்த்தம். மீன் சாப்பிடுகிறவர்கள் சமாக்கி வா குபாகா கேளுங்கள், சுட்ட மீனின் மேல் தேங்காய்ப் பால் மசாலா பூசி மறுபடி நெருப்பில் காட்டியது. நண்டும் சிங்கி இறாலும் நம் ஊர் விலையைப் பார்த்தால் மலிவு. மது பழைய நகரத்தில் அநேகமாகக் கிடைக்காது, அது வேண்டுமென்றால் ஷேலாவின் விடுதிகள்.

நாலு இரவு இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், முதல் நாளில் ஒன்றும் செய்யாதீர்கள். இரண்டாம் நாள் காலையிலேயே கிளம்பி வீட்டு அருங்காட்சியகம், கோட்டை, கடற்கரை அருங்காட்சியகம் எல்லாவற்றையும் பதினொன்றுக்குள் முடித்துவிட்டு வந்து படுங்கள். மதியம் ஊரே கடையைச் சாத்திவிட்டுத் தூங்குகிறது, நீங்கள் மட்டும் வெயிலில் அலைந்து என்ன சாதிக்கப் போகிறீர்கள்? அஸர் என்னும் பிற்பகல் தொழுகை முடிந்து நிழல் விழுந்த பிறகு மறுபடி வெளியே வாருங்கள், அப்போதுதான் திண்ணைகள் நிறையும். மசூதிகளை வெளியிலிருந்து பாருங்கள், முஸ்லிம் அல்லாதவர்கள் அழைத்தாலொழிய உள்ளே நுழைய வேண்டாம். ரியாதா மசூதி பக்கம் நடந்து பாருங்கள், கொமோரோஸ் தீவிலிருந்து வந்த ஹபீப் சாலிஹ் என்ற அறிஞர் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கிய இடம் அது. ஏழைகளையும் அடிமைக் குடும்பத்துப் பிள்ளைகளையும் சேர்த்துப் பாடம் சொன்னார், மேட்டுக்குடியினருக்கு அது பிடிக்கவில்லை. இன்று அதே மசூதியைச் சுற்றித்தான் ரபியுல் அவ்வல் என்ற இஸ்லாமிய மாதத்தில் மவ்லிது, அதாவது நபி பிறந்தநாள் விழா நடக்கிறது, பல நாடுகளிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். அந்த வாரத்தில் போக முடிந்தால் பாக்கியம், ஆனால் அறையைப் பல மாதம் முன்பே பிடிக்க வேண்டும்.

மூன்றாம் நாள் படகு. மாண்டா தீவின் தக்வா இடிபாடுகளுக்குப் போங்கள். 17-ஆம் நூற்றாண்டின் கடைசிவாக்கில் கைவிடப்பட்ட ஊர், கிணற்று நீர் உப்பாகிவிட்டதால் ஜனங்கள் எதிர்க்கரையிலுள்ள ஷேலாவுக்குக் குடிபெயர்ந்தார்கள் என்பது சொல்லப்படும் காரணம். மசூதிச் சுவரின் மேல் ஒரு தூண் நிற்கும், வெளியே தூண் வைத்த கல்லறை ஒன்று, 1680-களின் தொடக்கத்துக் கல்வெட்டோடு. ஷேலாக்காரர்கள் இன்றும் அங்கே போய் மழைக்காகத் தொழுகிறார்கள். போகும் வழி அலையாத்திக் காட்டுக்கு நடுவே ஒரு கால்வாய், கடல் ஏற்றத்தில் மட்டும்தான் படகு உள்ளே நுழையும். நேரம் பார்க்காமல் போனால் சேற்றில் இறங்கி நடக்க வேண்டியதுதான், பெற்றோருடன் அது நடக்காத காரியம். எனவே படகுக்காரரிடம் முதலில் விலையைப் பேசாதீர்கள், "நாளைக்கு ஏற்றம் எத்தனை மணிக்கு" என்று கேளுங்கள். அதில் ஒரு பொறி உண்டு: ஸ்வாஹிலிக் கணக்கில் மணி சூரிய உதயத்திலிருந்து ஓடும், அவர் மூன்று மணி என்றால் நம் கடிகாரத்தில் காலை ஒன்பது. உங்கள் கடிகாரத்தைக் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். பாய்மரத்தில் போகிறோமா, மோட்டாரிலா, சாப்பாடு சேர்த்தா, எத்தனை பேர், எல்லாவற்றையும் ஏறுவதற்கு முன் பேசி முடியுங்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கொடுக்க வேண்டாம்.

நாலாம் நாள் ஷேலா. இளசுகள் கரையோரமாக நடக்கலாம், முக்கால் மணி நேரம், ஏற்றத்தில் பாதையின் சில இடங்கள் தண்ணீருக்குள் போய்விடும். பெரியவர்கள் படகில் வரட்டும். 1829-இல் கட்டிய வெள்ளிக்கிழமை மசூதியும் அதன் கூம்பு மினாரும், அப்புறம் 12 கிலோமீட்டர் நீளத்துக்கு ஆளே இல்லாத மணல். அந்த மணல்மேடுகள்தான் தீவின் குடிநீர்த் தொட்டி, மழைநீர் அதற்குள் இறங்கித் தேங்குகிறது, ஊர்க் கிணறுகள் அதை நம்பியிருக்கின்றன. ஜூலை, ஆகஸ்டில் காற்று பலமாக இருக்கும், குளிக்கும்போது கரையை விட்டுத் தூரம் போக வேண்டாம். தெம்பு மிச்சமிருந்தால் மட்டோன்டோனி கிராமத்துக்குப் படகில் போய் மரக்கலம் கட்டுவதைப் பாருங்கள். கடலில் ஒதுங்கிய பிளாஸ்டிக்கை உருக்கி, பழைய ரப்பர் செருப்புகளை மேலே பதித்து ஒரு முழுப் பாய்மரப் படகையே லாமுவில் கட்டி 2018-இல் கடலில் இறக்கினார்கள், பிளிப்பிளாப்பி என்று பெயர், மறு ஆண்டு அது ஜான்சிபார்வரை ஓடியது. மேலே சொன்ன சிவாவை மறந்தாலும் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் இதை மறக்கவில்லை.

மாண்டா விரிகுடா பக்கம் ராட்சதக் கிரேன்கள் தெரிந்தால் ஆச்சரியப்படாதீர்கள், அது லாப்செட் துறைமுகம், கென்யாவைத் தெற்கு சூடான், எத்தியோப்பியாவோடு இணைக்கும் திட்டத்தின் பகுதி, கப்பல் நிற்கும் முதல் தளம் 2021 மே மாதம் திறந்தது. மீன்பிடி இடம் போயிற்று என்று மீனவர்கள் வழக்குப் போட்டு, 2018-இல் உயர் நீதிமன்றம் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அருகே வரவிருந்த நிலக்கரி மின் நிலையத்தின் உரிமத்தை 2019-இல் சுற்றுச்சூழல் தீர்ப்பாயம் ரத்து செய்தது, அதிலும் ஊர்க்காரர்கள் போட்ட சத்தத்துக்குப் பங்குண்டு. திண்ணையில் உட்கார்ந்தால் இதைப் பற்றிக் கேளுங்கள், பேச ஆசைப்படுவார்கள்.

எப்போது போவது என்றால், ஏப்ரல் மே மழைக்காலத்தைத் தவிருங்கள், ஷேலாவில் பல விடுதிகளே மூடியிருக்கும். ஜூலையிலிருந்து அக்டோபர்வரை இதமான சூடு, சஃபாரிக்கும் அதுதான் நேரம். ஜனவரி, பிப்ரவரியில் கடல் தெளிவாக இருக்கும், ஆனால் புழுக்கம். ரமலானில் போகலாமா என்றால் போகலாம், பகலில் சாப்பாட்டுக் கடைகள் மூடியிருக்கும், விடுதியில் சாப்பிட ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும், இரவில் ஊர் விழித்திருக்கும். எந்த மாதமானாலும் ஊருக்குள் தோளும் முழங்காலும் மூடிய உடை, பெண்களைக் கேட்காமல் போட்டோ எடுக்கக் கூடாது.

கிளம்பும் முன் கவனிக்க வேண்டிய சில்லறைகள். நைரோபி வில்சன் நிலையத்திலிருந்து கிளம்பும் சிறு விமானங்களில் பல 15 கிலோதான் அனுமதிக்கும், அதுவும் மெத்தென்ற பையில். பிளாஸ்டிக் கேரி பேக்குக்கு 2017 முதல் கென்யாவில் தடை, பலகாரம் கட்டிக்கொண்டு போகிறவர்கள் துணிப்பையில் போடுங்கள். ரொக்கம் கொஞ்சம் கையில் இருக்கட்டும், படகுக்காரரில் தொடங்கி எல்லோரும் எம்-பெசா என்ற மொபைல் பணம் கேட்பார்கள், உங்களிடம் அது இருக்காது. மலேரியா மாத்திரை பற்றி டாக்டரிடம் பேசுங்கள்.

இவற்றையெல்லாம் விட அவசரமானது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. கென்யாவிலிருந்து திரும்பும்போது இந்திய விமான நிலையத்தில் சான்றிதழ் கேட்பார்கள். இல்லையென்றால் ஆறு நாள்வரை தனிமைப்படுத்தலாம், கெஞ்சினால் விட மாட்டார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், அதனால் கடைசி வாரத்தில் ஓடிப் பயனில்லை. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள், முன்பதிவு எப்படி என்று விசாரித்துவிட்டுப் போங்கள். உங்களுக்கு இதில் சிக்கல் இல்லை, பெற்றோருக்கு உண்டு: 60 வயதுக்கு மேல் இந்த ஊசியின் கடுமையான பக்க விளைவுகளுக்கு வாய்ப்புக் கொஞ்சம் கூடுதல், வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் அவர்களுடைய மருந்துச் சீட்டைப் பார்த்துவிட்டுச் சரி என்று சொல்ல வேண்டும். உடம்பு காரணமாகப் போட முடியாது என்றால் அதற்கான மருத்துவ விலக்குக் கடிதம் பற்றி அந்த மையத்திலேயே கேளுங்கள். லாமுவா ஜான்சிபாரா என்பதை அதற்கப்புறம் முடிவு செய்தால் போதும், டிக்கெட்டை அதற்கு முன்னால் எடுக்காதீர்கள்.